பூனைக்குச் சோறு போதுமா? ஒரு சிறு வரலாறு

எமது வீடுகளில் பூனைக்கு என்ன வைக்கிறோம்? மிஞ்சிய சோறு, மீன் முள், கொஞ்சம் ஆணம். உயிரோடுதானே திரிகிறது, அது போதாதா என்று நினைக்கிறோம். போதாது என்று உலகம் அறிந்துகொண்டதே அண்மையில்தான்.

சைப்பிரஸ் தீவில், சுமார் 9,500 ஆண்டுகளுக்கு முந்திய மனிதப் புதைகுழியின் அருகே ஒரு பூனையும் புதைக்கப்பட்டிருந்தது. மனிதன் தானியம் சேர்த்தான், எலி வந்தது, எலியைத் தேடிப் பூனை வந்தது. கவனியுங்கள், அது தானியத்துக்காக வரவில்லை.

1975இல் அமெரிக்க ஆய்வாளர்கள், கேசீன் எனும் பாற்புரதத்தை உண்டு வளர்ந்த பூனைகளின் விழித்திரை சிதைவதற்கு டோரின் குறைபாடே காரணம் எனக் காட்டினார்கள். 1987இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழக டேவிஸ் வளாகத்தின் போல் பியோன் குழுவினர், கடைத் தீன் உண்ட பூனைகளுக்கே இதயத் தசை தளர்ந்திருப்பதைக் கண்டார்கள். இரத்தத்தில் டோரின் குறைந்திருந்தது. அதைக் கொடுத்ததும் இதயம் தேறியது. அதன்பிறகே நிறுவனங்கள் தமது தீனில் டோரினைக் கூட்டின.

நாயின் உடல் டோரினைத் தானே தயாரிக்கும். பூனையால் போதியளவு தயாரிக்க முடியாது. தாவர உணவில் அது அநேகமாக இல்லை. மீனிலும் இறைச்சியிலும், குறிப்பாக இதயத்திலும் உண்டு.

அவிக்கும்போது டோரின் நீரில் கரைந்துவிடும். ஆகவே உப்பும் வெங்காயமும் சேர்க்காமல் அவித்து, முள் நீக்கி, அந்த நீரோடு சேர்த்தே வைப்போம். சோறு வயிற்றை நிரப்பும். கண்ணையும் இதயத்தையும் காக்காது.