நிற்காமல் போன கப்பலில் ஓர் இரவு

கலிபோர்னியாவில் மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது, லாங் பீச் துறைமுகத்தில் ஓட்டலாக நிற்கும் 'குயின் மேரி' கப்பலில் ஓர் இரவு தங்கினோம். 1936-இல் முதல் பயணம் போன பிரிட்டிஷ் கப்பல். 1967-இல் இங்கே வந்து சேர்ந்தது. மரப்பலகைச் சுவர், வட்ட ஜன்னல். குளியல் தொட்டியில் நல்ல தண்ணீருக்கும் கடல் தண்ணீருக்கும் தனித்தனிக் குழாய்கள். பேத்தி ஒவ்வொன்றாகத் திருகிப் பார்த்துவிட்டுத் தூங்கிப் போனாள்.

எனக்குத் தூக்கம் வரவில்லை. போர்க்காலத்தில் இது படைவீரர்களை ஏற்றிச் சென்ற கப்பல். 1942 அக்டோபர் 2 அன்று, பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட அமெரிக்க வீரர்களுடன், ஜெர்மன் நீர்மூழ்கிகளிடமிருந்து தப்ப வளைந்து வளைந்து ஓடிக்கொண்டிருந்தது. அயர்லாந்துக்கு வடக்கே, தனக்குக் காவலாக வந்த 'கியூரசோவா' போர்க்கப்பலின் மேலேயே மோதி, அதை இரண்டாகப் பிளந்துவிட்டது. முந்நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். குயின் மேரி நிற்கவில்லை. எதற்காகவும் நிற்கக் கூடாது என்பது உத்தரவு. போர் முடியும்வரை செய்தியும் வெளியே வரவில்லை.

பிறகு வழக்கு நடந்தது. முதல் தீர்ப்பில் குயின் மேரி மேல் தப்பில்லை என்றார்கள். மேல்முறையீட்டில், தப்பில் போர்க்கப்பலுக்கு மூன்றில் இரண்டு பங்கு, குயின் மேரிக்கு ஒரு பங்கு என்று பிரித்தார்கள். 1949-இல் பிரபுக்கள் சபையும் அதை உறுதி செய்தது.

நான் குமாஸ்தாவாக இருந்தவன். 'மேலிட உத்தரவுப்படி' என்று கோப்பில் எழுதிவிட்டால் மனசு எவ்வளவு லேசாகும் என்று தெரியும். நின்றிருந்தால் பத்தாயிரம் உயிருக்கும் ஆபத்து, உத்தரவு சரிதான். ஆனால் மேல்தளத்திலிருந்து அதைப் பார்த்தவர்கள் சுமந்த பாரத்தை எந்தத் தீர்ப்பும் பங்கு பிரிக்கவில்லை.