தொடக்கப் பள்ளிகளில் சீண்டல் தடுப்புத் திட்டங்களின் மதிப்பீடு

பள்ளிப் பிள்ளைகளுக்குள் நடக்கும் சீண்டலைக் குறைக்க எடுக்கப்படும் முயற்சிகள் பலன் தந்தனவா என்று அளந்து அறிவதே சீண்டல் தடுப்புத் திட்ட மதிப்பீடு. எதிர்த்து நிற்க முடியாத பிள்ளையை வலுத்த பிள்ளை வேண்டுமென்றே திரும்பத் திரும்ப அடிப்பதும், பட்டப்பெயர் சொல்லி அழ வைப்பதும், விளையாட்டில் சேர்க்காமல் ஒதுக்குவதும் சீண்டலாகும். சமபலம் கொண்ட இருவரின் சண்டை இதில் அடங்காது. எத்தனை கூட்டம் நடந்தது, எத்தனை பேர் உறுதிமொழி எடுத்தார்கள் என்ற கணக்கு மதிப்பீடாகாது. துன்பப்பட்ட பிள்ளைக்குத் துன்பம் குறைந்ததா என்பதே அளவுகோல். உலக மாணவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் முந்தைய ஒரு மாதத்தில் சீண்டலுக்கு ஆளானதாக யுனெஸ்கோவின் 2019 அறிக்கை கூறுகிறது.

தோற்றம்

1982 இறுதியில் நார்வேயில் மூன்று சிறுவர்கள் தற்கொலை செய்துகொண்டனர். சக மாணவர்களின் கொடுமையே காரணம் என்று கருதப்பட்டதால், மறு ஆண்டு நாடு முழுவதும் தடுப்பு இயக்கம் தொடங்கியது. உளவியலாளர் டான் ஒல்வேயஸ் பெர்கன் நகரில் 42 பள்ளிகளின் சுமார் 2,500 மாணவர்களை 1983 முதல் 1985 வரை ஆராய்ந்தார். எல்லாப் பள்ளியிலும் இயக்கம் நடந்ததால் ஒப்பிட்டுப் பார்க்க வேறு பள்ளி இல்லை. வயது ஏற ஏறச் சீண்டலுக்கு ஆளாவது தானாகவே குறையும் என்பதால், அதே பிள்ளைகளை முன்னும் பின்னும் ஒப்பிடுவதும் சரிவராது. எனவே 1985இல் ஒரு வகுப்பில் இருந்தவர்களை, 1983இல் அதே வயதில் இருந்த பிள்ளைகளோடு ஒப்பிட்டார். சீண்டல் பாதியளவு குறைந்திருந்தது.

அதே இயக்கம் பற்றி நார்வேயின் ரோகலாந்து பகுதியில் எர்லிங் ரோலண்ட் நடத்திய ஆய்வில் அந்தக் குறைவு தென்படவில்லை. பெர்கன் பள்ளிகளுக்கு ஆய்வுக் குழுவின் துணை தொடர்ந்து கிடைத்தது. ரோகலாந்து ஆசிரியர்கள் அரசு அனுப்பிய கையேடுகளோடு தனித்து விடப்பட்டனர். யார் கூட நின்று நடத்துகிறார்கள் என்பதில்தான் பலன் இருக்கிறது என்பதற்கு இது ஒரு சான்று.

அளக்கும் முறைகள்

பள்ளிகளைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கி, ஒரு பிரிவில் மட்டும் திட்டத்தை நடத்தி ஒப்பிடுவது வலுவான முறை. பெயர் எழுதாத வினாத்தாள், சக மாணவர்களின் கருத்து, இடைவேளையில் நேரில் கவனித்தல் ஆகியவற்றால் தகவல் திரட்டப்படுகிறது. எழுதப் பழகும் வயதுப் பிள்ளைகளுக்கு வினாக்களை வாசித்துக் காட்டி, விடைக்குப் பொருந்தும் முகப்படத்தில் வண்ணம் தீட்டச் சொல்லலாம். பள்ளியின் வரைபடத்தைக் கொடுத்து, போகப் பயப்படும் இடத்தைச் சிவப்பில் குறிக்கச் சொல்வதும் உண்டு. கழிப்பறைப் பக்கம், தண்ணீர்க் குழாய், மாடிப்படித் திருப்பம் என்று ஆசிரியரின் கண் எட்டாத இடங்கள் இதில் வெளிப்படும்.

புகார்களின் எண்ணிக்கையை மட்டும் நம்பக் கூடாது. திட்டம் தொடங்கிய சில மாதங்களில் புகார் கூடினால், பிள்ளைகள் வாய் திறக்கத் துணிந்தார்கள் என்றும் பொருள் கொள்ளலாம்.

கண்டறிந்தவை

மரியா டோஃபி, டேவிட் ஃபாரிங்டன் ஆகியோரின் 2011 தொகுப்பாய்வு, இத்தகைய திட்டங்களால் சீண்டுவது 20 முதல் 23 விழுக்காடும் சீண்டலுக்கு ஆளாவது 17 முதல் 20 விழுக்காடும் குறைந்ததாகக் காட்டியது. பின்லாந்தின் டுர்கு பல்கலைக்கழகத்தில் உருவான கிவா திட்டம், வேடிக்கை பார்க்கும் பிள்ளைகளைத் துணை நிற்பவர்களாக மாற்ற முயல்கிறது. 78 பள்ளிகளில் 4 முதல் 6ஆம் வகுப்பு வரை நடந்த சோதனையில் அது பலன் தந்தது. ஆனால் சீண்டல் குறைந்த வகுப்பில் இன்னும் சீண்டப்படும் பிள்ளை, தன்னிடம்தான் குறை என்று கூடுதலாக மனம் உடைவதும் பின்னர் தெரியவந்தது. சராசரி குறைந்ததோடு மதிப்பீடு முடிந்துவிடக் கூடாது.

இந்தியாவிலும் தமிழ்நாட்டிலும்

இந்தியாவின் முக்கியச் சான்று உயர்நிலை வகுப்பிலிருந்து கிடைக்கிறது. பீகாரின் நாளந்தா மாவட்டத்தில் 74 அரசுப் பள்ளிகளில், சங்கத் அமைப்பு பங்கேற்ற செஹெர் ஆய்வு ஒன்பதாம் வகுப்பு மாணவர்களிடையே நடந்தது. 2018இல் லான்செட் இதழில் முடிவுகள் வெளியாயின. பயிற்சி பெற்ற ஆலோசகர் தனியாக நியமிக்கப்பட்ட பள்ளிகளில் சீண்டலும் மனச்சோர்வும் குறைந்தன. அதே திட்டம் ஆசிரியரின் கூடுதல் வேலையாக்கப்பட்ட பள்ளிகளில் பலன் இல்லை.

தமிழ்நாட்டில் 2023இல் நாங்குநேரியில் பட்டியல் சமூக மாணவர் ஒருவர் சக மாணவர்களால் வீடு புகுந்து வெட்டப்பட்டார். அதையடுத்து அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை அளித்தது. பள்ளிச் சீண்டலில் சாதி எவ்வளவு ஆழமாக ஊடுருவியுள்ளது என்பதை அது எடுத்துக்காட்டியது. சாதிப் பெயரைச் சொல்லி இழிவுபடுத்துவதைக் கேட்காத வினாத்தாள் இங்கு முழுமையாகாது. பள்ளிகளில் உள்ள ‘மாணவர் மனசு’ புகார்ப் பெட்டியும், 14417, 1098 உதவி எண்களும் புகாருக்கான வழிகள். வழி திறந்திருப்பது ஒன்று, பலன் தருவது வேறு.

பேசின் பிரிட்ஜ் வட்டாரம்

சென்னையில் ரயில் பாதைகளுக்கும் பக்கிங்காம் கால்வாய்க்கும் இடையே நெருங்கி வாழும் பேசின் பிரிட்ஜ், புளியந்தோப்பு, வியாசர்பாடி பகுதிகளில் மதிப்பீடு செய்வோர் சிலவற்றைக் கருத வேண்டும். கல்வி உரிமைச் சட்டப்படி 60 பிள்ளைகள் வரை உள்ள தொடக்கப் பள்ளிக்கு இரண்டே ஆசிரியர்கள். இத்தகைய சிறு பள்ளியில் பல வகுப்புகள் ஒரே அறையில் அமரும். பெரிய பிள்ளையின் கைக்கெட்டும் தூரத்தில் சின்னப் பிள்ளை இருக்கும். வீட்டில் தெலுங்கு, உருது, இந்தி பேசும் பிள்ளைகளிடம் அவரவர் மொழியில் கேட்க வேண்டும். சென்னையின் நீர்வழிக் கரைகளில் வாழ்ந்த குடும்பங்கள் கண்ணகி நகர், பெரும்பாக்கம் போன்ற இடங்களுக்கு மாற்றப்பட்டது போல, ஆய்வின் நடுவில் ஒரு குடும்பம் இடம்பெயரக்கூடும். விலகிய பிள்ளையைக் கணக்கிலிருந்து நீக்கினால், அதிகம் துன்பப்பட்டவரே விடுபட்டு முடிவு பொய்யாக அழகுபடும்.

பள்ளி மேலாண்மைக் குழுவில் குறைந்தது முக்கால் பங்கினர் பெற்றோராக இருக்க வேண்டும் என்கிறது அதே சட்டம். முடிவுகளை முதலில் அவர்கள் முன் தமிழில் வாசிக்க வேண்டும். பலன் இல்லை என்றால் அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஆசிரியரின் சுமையைக் குறைக்கவும் ஆலோசகருக்கு ஊதியம் ஒதுக்கவும் கேட்கும் உரிமை பெற்றோருக்கு உண்டு. அந்தக் கோரிக்கைக்கு ஆதாரமாக நிற்பதே மதிப்பீட்டின் பயன்.