கைபேசிக் கோபுரப் பகிர்வு (இந்தியா)

ஒரே கோபுரத்தையும் மனையையும் மின்னிணைப்பையும் பல சேவை நிறுவனங்கள் சேர்ந்து பயன்படுத்தும் ஏற்பாடே கைபேசிக் கோபுரப் பகிர்வு. இதை வாடகைக் கணக்காகவே பார்ப்பது வழக்கம்: இரண்டாவது நிறுவனம் ஏறியதும் செலவு ஏறக்குறையப் பாதியாகிறது என்பார்கள். கணக்கில் பிழையில்லை. ஆனால் மிச்சமான செலவில் ஒரு பங்கு வேறு உருவில் பொறியாளர் தலையில் வந்து விழுந்திருக்கிறது. கோபுரம் இருபது முப்பது ஆண்டு நிற்கவேண்டியது. அதில் ஏறும் கருவி அதற்குள் இரண்டு மூன்று தலைமுறை மாறிவிடும். ஏறிய நிறுவனமே காணாமல் போவதும் உண்டு. அடித்தளம் போட்ட நாளில் எவரும் அறிந்திராத சுமையைப் பின்னால் வருபவர்கள் கொண்டுவருகிறார்கள். பகிர்வின் மையச் சிக்கல் இதுதான்.

1995இல் கைபேசிச் சேவை தொடங்கியபோது ஒவ்வொரு நிறுவனமும் தன் கோபுரத்தைத் தானே எழுப்பியது. யாருக்கு எங்கே சிக்னல் கிடைக்கிறது என்பதே அன்றைய போட்டி; அந்தக் கோபுரத்தைப் பகைவனுக்கு வாடகைக்கு விட யாருக்கும் மனம் வரவில்லை. 2000இல் உள்கட்டமைப்பை மட்டும் வழங்குவோருக்குத் தனிப் பதிவு முறை வந்தது. கட்டணங்கள் சரிந்து, சேவை கிராமங்களுக்கு நகர்ந்தபோதுதான் மனம் மாறியது. 2007இல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் பகிர்வை ஊக்குவித்துப் பரிந்துரைத்தது. அந்த ஆண்டின் இறுதியில் ஏர்டெல், வோடபோன், ஐடியா தரப்புகள் 42, 42, 16 விழுக்காடு பங்குகளுடன் இண்டஸ் டவர்ஸ் என்ற கோபுர நிறுவனத்தை அமைத்தன. 2010இல் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஏர்செல் தன் 17,500 கோபுரங்களை ஜிடிஎல் நிறுவனத்திடம் விற்றது.

முதல் தடை காற்று. இரும்புக் கோபுரத்துக்குக் கருவிகளின் எடை பெரிய பாரமல்ல. அவை காற்றுக்குக் காட்டும் முகப்பரப்புதான் பாரம். இந்தியத் தரநிலைப்படி சென்னையின் அடிப்படைக் காற்று வேகம் நொடிக்கு 50 மீட்டர். காற்றழுத்தம் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப உயர்வதால், இந்த வேகத்தில் ஒரு சதுர மீட்டர் பரப்பில் விழும் விசை சுமார் 1,500 நியூட்டன், அதாவது 150 கிலோ எடைக்கு நிகர். 1.2 மீட்டர் விட்டமுள்ள ஒரு மைக்ரோவேவ் வட்டிலை 40 மீட்டர் உயரத்தில் கூடுதலாக மாட்டினால், அடிப்பாகத்தின் போல்ட்டுகளும் கான்கிரீட்டும் அந்த விசையை 40 மீட்டர் நெம்புகோலின் நுனியில் வைத்து உணரும். முதலில் ஏறியவர் உச்சியைப் பிடித்துக்கொள்வார். தாமதமாக வருபவருக்குக் கீழே சில மீட்டரில்தான் இடம், அதற்கேற்பப் பரப்பெல்லையும் சுருங்கும். 4ஜி வந்தபோது தரையிலிருந்த ரேடியோ பெட்டிகளும் மேலே ஏறின. 2022 அக்டோபரில் தொடங்கிய 5ஜி இன்னும் கனத்த ஆண்டெனாக்களைக் கொண்டுவந்தது. 2ஜி காலத்தில் வரைந்த கோபுரத்தின் கால்களுக்கு இதற்காக வலுவூட்ட நேர்ந்தது.

காற்றையாவது கணக்கிடலாம், அலைகளின் உரசல் அவ்வளவு எளிதில் பிடிபடாது. ஒரு காலத்தில் இந்தியாவில் சிடிஎம்ஏ, ஜிஎஸ்எம் என்ற இரு தொழில்நுட்பங்கள் இருந்தன. சிடிஎம்ஏ சேவை 869 முதல் 889 மெகாஹெர்ட்ஸ் வரை ஒலிபரப்பியது. ஜிஎஸ்எம் சேவையோ 890இலிருந்து கேட்டது. ஒரே கோபுரத்தில் ஒருவரின் வாய் இன்னொருவரின் காதை ஒட்டி இருந்ததுபோல. வடிப்பான்களும் செங்குத்து இடைவெளியும் இல்லாமல் இருவரும் சேர்ந்து நிற்க முடியவில்லை. இதைவிடச் சூழ்ச்சியானது துருப்பிடித்த இணைப்பு. 1805, 1880 மெகாஹெர்ட்ஸ் அலைகள் இரண்டும் தளர்ந்த ஒரு இணைப்பானில் கலந்தால் 1730இல் போலி அலை பிறக்கும் (இருமுறை 1805, கழித்தல் 1880). அது கைபேசிகளின் மெல்லிய குரலைக் கேட்கும் பட்டைக்குள் நேராக விழுகிறது. தனித்தனியே சோதித்தால் இருவர் கருவியிலும் பழுது தெரியாது. இன்னொரு கட்டுப்பாடு கதிர்வீச்சு: 2012 செப்டம்பர் 1 முதல் இந்தியாவில் அதன் வரம்பு பன்னாட்டு வரம்பின் பத்தில் ஒரு பங்காகக் குறைக்கப்பட்டது. 900 மெகாஹெர்ட்ஸில் சதுர மீட்டருக்கு 0.45 வாட். அருகில் நிற்பவர் மேல் விழும் மொத்த அளவே கணக்கு என்பதால், ஒருவர் திறனை ஏற்றினால் மற்றவருக்கு மிஞ்சும் இடம் குறைகிறது.

இவையெல்லாம் வழக்கமான பொறியியல்தானே, கோபுரத்தை முதலிலேயே வலுவாகக் கட்டினால் தீராதா என்று கேட்கலாம். ஓரளவு தீரும். ஆனால் எத்தனை பேருக்காகக் கட்டுவது? 2012 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் 122 தொலைத்தொடர்பு உரிமங்களை ரத்து செய்தது. 2018இல் ஏர்செல் திவாலானது. அதே ஆண்டு வோடபோனும் ஐடியாவும் இணைந்தன. நான்கு பேருக்காக எழுப்பிய கோபுரத்தில் ஒருவர் மிஞ்சினால் அந்த இரும்பு வீண். பேட்டரியும் ஜெனரேட்டரும் தேவைக்கு மீறியவை. ஒருவருக்காகக் கட்டியதில் மூவர் ஏறினால் மின்வெட்டின்போது பேட்டரி வெகு சீக்கிரம் இறங்கிவிடும். எதிர்காலத்தைக் கணிக்கத் தவறியது பொறியாளரின் திறமைக்குறை என்பது எனக்கு நியாயமாகப் படவில்லை. ஆனால் பகிர்வு பேரிடரில் ஆபத்து என்ற வாதத்தில் உண்மை அதிகம். 2018 நவம்பரில் கஜா புயல் காவிரி டெல்டாவில் மின்கம்பங்களோடு கைபேசிக் கோபுரங்களையும் சாய்த்தது. பகிர்ந்த கோபுரம் விழுந்தால் அதிலிருந்த எல்லாச் சேவையும் ஒன்றாகவே போகும்.

இரும்பை விட்டு ரேடியோவையே பகிர்ந்தால் ஆண்டெனாக் கூட்டம் குறையும் என்பது வலுவான மறுப்பு. ஸ்வீடனில் டெலியாவும் டெலி2வும் 2001இலேயே 3ஜிக்கு ஒரே வலையை அமைக்க முடிவு செய்தன. கைபேசி வலைகளுக்கான பன்னாட்டுத் தரநிலையான 3ஜிபிபியின் ஆறாம் வெளியீடு இதற்கு முறைப்படி இடம் தந்தது. காற்றுச்சுமை இதனால் நிச்சயம் குறையும். ஆனால் மென்பொருளை எப்போது மேம்படுத்துவது, நெரிசலில் யாருடைய வாடிக்கையாளரை முதலில் விடுவது என்பவை இனி இருவரும் சேர்ந்து எடுக்கவேண்டிய முடிவுகள். 2025 ஜனவரியில் அரசு நிதியில் அமைந்த ஊரகக் கோபுரங்களில் பிஎஸ்என்எல், ஏர்டெல், ஜியோ வாடிக்கையாளர்கள் ஒருவரின் 4ஜி வலையில் மற்றவர் இணைய வழி திறக்கப்பட்டது. அங்கே கூடுதல் ஆண்டெனா தேவையில்லை. கோபுரத்துக்கு வந்து சேரும் இணைப்பின் கொள்ளளவுதான் மூவருக்கும் போதவேண்டும்.