படைக்கலமும் தற்காப்புரிமையும்: கழக்கூட்டத்தை முன்வைத்து

திருவனந்தபுரத்தை அடுத்த கழக்கூட்டம், எட்டுவீட்டுப் பிள்ளைமாருள் ஒருவர்தம் ஊராகும். அக்காலக் கேரளத்தில் நாயர் வீரர் படைக்கலம் ஏந்திப் பொதுவழியில் நடத்தல் நிலைப்பெருமையின் அடையாளம். 1729இல் அரியணையேறிய மார்த்தாண்டவர்மர் பிள்ளைமாரை ஒடுக்கினார். படைவலிமை அரசின்பாற் குவிந்தது. எனினும், படைக்கலம் ஏந்துதல் வேறு, தாக்குதல் வேறு என்னும் பாகுபாடு பிற்காலச் சட்டத்திலும் இன்றியமையாததாயிற்று.

1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம், பிரிவு 102இல், தாக்கும் முயற்சியாலோ மிரட்டலாலோ எழும் நியாயமான அச்சத்தையே உடல் தற்காப்புரிமையின் தொடக்கமாகக் கொண்டது. முதற்குண்டு பாயும்வரை காத்திருத்தல் வேண்டா. அச்சம் நீங்கின் உரிமையும் நீங்கும். தப்பியோடுவோரைச் சுடுதல் தற்காப்பன்று என 1962இல் ஜெய்தேவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவுறுத்தியது. 2024 சூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 40ஆம் பிரிவும் இவ்வரம்பையே பேணுகிறது.

ஆகவே, எதிர்நிற்பவர் கையிலுள்ள துப்பாக்கி மட்டுமே அவரைத் தாக்கும் உரிமையைத் தாராது. அவர்தம் செயலே தரும் என்பது முடிபு.