சம்ப்புக்கு அடியில் படுத்தவர்கள்

போன ஏப்ரல் விடுமுறையில் நாங்கள் மூன்று பேர் ஹட்டனுக்குக் கிட்ட ஒரு கராஜில் இரண்டு நாள் குந்தியிருந்தோம். டோர்ச் பிடித்ததைத் தவிர வேலை ஒன்றும் செய்யவில்லை. மேலே தூக்கி நிறுத்தியிருந்தது ஓர் ஒஸ்டின் கேம்பிரிட்ஜ் ஏ60. அந்தக் கார் இந்தப் பக்கத்தில் அதிசயமில்லை. ஆனால் இதில் கிளட்ச் மிதி இல்லை. 1960களில் மேலதிகக் காசு கொடுத்தவர்களுக்குக் கம்பனி பூட்டிக்கொடுத்த போர்க் வார்னர் 35 என்ற மூன்று வேகத் தானியங்கி கியர்பொக்ஸ் அதில் இருந்தது. கராஜில் எல்லாரும் அதை "ஓட்டோ" என்றுதான் சொன்னார்கள்.

கொழும்பில் வாங்கி வந்த கார். அவிசாவளை வரைக்கும் ராசா மாதிரி ஓடுமாம். கித்துல்கல தாண்டி ஏற்றம் தொடங்கினால் எஞ்சின் மட்டும் கத்தும், கார் நகராது, கருகிய வாடை வரும். பாஸ் எண்ணெயைத் தொட்டு மோந்து பார்த்துவிட்டு, "சம்ப்ப ஆழமாக்கணும் தம்பி" என்றார். (எங்கள் பக்கத்தில் கைவேலை தெரிந்தவர் எல்லாரும் பாஸ்தான். சிங்களத்திலிருந்து வந்த சொல், சிங்களத்துக்கு டச்சுக்காரன் கொடுத்தது. எஜமான் என்று அர்த்தமாம்.)

சம்ப் என்பது எஞ்சினுக்கு அடியில் இருக்கிற எண்ணெய்த் தட்டு. கியர்பொக்ஸின் அடித்தட்டுக்கும் கராஜில் அதே பேர்தான். தானியங்கிப் பெட்டிக்கு எண்ணெய்தான் ரத்தம். எஞ்சினின் பலத்தைக் கடத்துவது, உள்ளே இருக்கிற கிளட்ச் தட்டுகளை அழுத்திப் பிடிப்பது, சூட்டை வெளியே கொண்டுபோவது எல்லாம் அதன் வேலை. அமெரிக்காவில் பழைய கார்ப் பிரியர்கள் அலுமினியத்தில் வார்த்த ஆழமான தட்டைக் கடையில் வாங்கிப் பூட்டுகிறார்கள். அங்கே நோக்கம் பெரும்பாலும் குளிர்ச்சிதான். எண்ணெய் கூடினால் சூடேற நேரமாகும், தட்டின் பரப்பு கூடினால் காற்றுக்கு அதிகச் சூட்டைக் கொடுக்கும்.

மலையில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. ஏற்றத்தில் காரின் மூக்கு மேலே போகிறது, எண்ணெய் தட்டின் பின்பக்கம் ஓடுகிறது. உறிஞ்சுகிற வாய் எண்ணெய்க்கு வெளியே வந்தால் பம்ப் காற்றைக் குடிக்கும். அழுத்தம் விழும், கிளட்ச் தட்டு வழுக்கும். வழுக்கினால் சூடு, சூட்டில் எண்ணெய் கருகும், கருகினால் இன்னும் வழுக்கும். "சமதரைக்கு செஞ்ச சாமான். நம்ம மலைய அவன் நெனக்கல" என்றார் பாஸ்.

அந்த வசனத்துக்காகத்தான் இந்தக் கட்டுரை. நாங்கள் கலைப்பீடத்தில் வரலாறு படிக்கிறவர்கள். கார் பற்றி எங்களுக்குத் தெரிந்தது கொஞ்சம். ஆனால் சமதரைக்குச் செய்த சாமானை மலைக்கு ஏற்ற மாதிரி மாற்றியது யார் என்று கேட்டால், அது வரலாற்றுக் கேள்வி.

நுவரெலியா 1868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அந்த உயரத்தில் தண்ணீர் சுமார் 94 பாகையிலேயே கொதித்துவிடும். கீழே ஒழுங்காக இருக்கிற ரேடியேட்டர் மேலே பொங்குவதற்கு அதுவும் ஒரு காரணம். றம்பொடை வளைவுகளில் நிறுத்தி, ஓடைத் தண்ணி பிடித்து ஊற்றிவிட்டுப் போன கதை எங்கள் தாத்தாமார் எல்லாரிடமும் உண்டு. லொறி நின்றால் பின் சக்கரத்துக்குக் கட்டை வைப்பதற்கென்றே ஒரு பொடியன் கூடப் போவான். அவன் கை நழுவினால் லொறி பள்ளத்தில்.

இதே ஏற்றம் துரைமாருக்கு விளையாட்டாகவும் இருந்தது. 1934 முதல் நுவரெலியாவில் மகாகஸ்தோட்டை மலையேற்றக் கார்ப் பந்தயம் நடக்கிறது, தேயிலைத் தோட்டத்துக்குள்ளால் போகிற பாதையில், ஏப்ரல் வசந்தகாலத்தில். இலங்கையின் மிகப் பழைய மோட்டார் பந்தயங்களில் அது ஒன்று. எந்தக் கார் எத்தனை செக்கனில் ஏறியது என்று பதிவு இருக்கும். அந்தப் பாதைக்குக் கல் உடைத்தவர்களுக்கு அப்படிப் பதிவு இருப்பதாக நாங்கள் கேள்விப்படவில்லை. துரைமாரின் நினைவுக் குறிப்புகளில் நாங்கள் வாசித்த சிலவற்றில் காருக்குப் பேர் இருக்கிறது, நாய்க்கும் பேர் இருக்கிறது. டிரைவர் வெறும் டிரைவர்.

1948ஐ எடுத்துக்கொள்வோம். ஒக்டோபர் கடைசியில் லண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் கண்காட்சியில் அலெக் இசிகோனிஸ் வடிவமைத்த மொரிஸ் மைனர் அறிமுகமானது. மூன்று கிழமை கூட ஆகவில்லை, நவம்பர் 15 இலங்கைப் பிரஜாவுரிமைச் சட்டம் அமுலுக்கு வந்தது. மைனர் கொழும்புத் துறைமுகத்தில் இறங்கியதும் பதிவு இலக்கம் வாங்கிக்கொண்டு தோட்டத்துக்கு ஏறி வந்தது. அதைக் கழுவியவருக்கும் தள்ளியவருக்கும் அடியில் படுத்து நட்டு முடுக்கியவருக்கும் பதிவு இல்லாமல் போனது. இந்த இரண்டுக்கும் காரண காரியத் தொடர்பு ஒன்றுமில்லை, அது எங்களுக்கும் தெரியும். ஆனாலும் தேதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தபோது கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தோம்.

பிறகு 1960கள். அந்நியச் செலாவணி இல்லை என்று கார் இறக்குமதி இறுகியது, 1970க்கும் 1977க்கும் இடையில் இன்னும் மோசம். புதுக் காரும் வராது, சாமானும் வராது. ஏற்கெனவே உள்ளே வந்த ஒஸ்டின், மொரிஸ், லேண்ட் ரோவர் எல்லாம் சாகக்கூடாது என்ற நிலை. இதைப் பற்றிக் கொழும்பில் எழுதுகிறவர்கள் "இலங்கையரின் கைத்திறன்" என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். அது பொய்யில்லை. 1990களில் இங்கே கையால் தட்டிய மைனர் தகடுகள் இங்கிலாந்தின் பாத் நகரத்து மொரிஸ் மைனர் நிலையத்துக்கே போயிருக்கின்றன. ஆனால் மலையில் அந்தக் கை எங்கே பழகியது என்று யாரும் கேட்பதில்லை.

அது தேயிலைப் பெக்டரியில் பழகியது. ரோலர், சல்லடை, பெல்ஃபாஸ்டில் இருந்து வந்த சிரொக்கோ உலர்த்தி, எஞ்சின், பெல்ட். கொழுந்து வந்து குவிந்த பிறகு மெசின் நின்றால் அன்றைய தேயிலை நாசம். கொழும்பில் இருந்து ஆள் வரும்வரைக்கும் காத்திருக்க முடியாது. தோட்டத்து ஃபிட்டரே பித்தளையைக் கடைந்து புஷ் போடுவார், தகட்டை வெட்டி ஒட்டுவார். துரையின் கார் பழுதானாலும் அவரிடம்தான் வரும். பாஸின் அப்பா அப்படி ஒரு ஃபிட்டர். எட்டு வயதில் இருந்து அவருக்கு ஸ்பேனர் எடுத்துக் கொடுத்துப் பழகியதுதான் பாஸின் படிப்பு. சான்றிதழ் கிடையாது.

அந்தத் தலைமுறையில் எத்தனை பேர் இங்கே நின்றார்கள்? 1964 ஒக்டோபர் 30 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பிரித்தது. மீதி 1,50,000 பேரை 1974இல் பாதிப் பாதியாகப் பங்கு போட்டார்கள். கணக்கில் எல்லாரும் தலை. தலைமன்னாரில் கப்பல் ஏறிய தலைகளில் ஃபிட்டரும் வெல்டரும் டிரைவரும் எத்தனை பேர் என்று ஒப்பந்தத்துக்குக் கவலையில்லை. "அப்பாவோட கூட்டாளி லேத் வேலைல கெட்டிக்காரர். கோத்தகிரிக்குப் போய் கொழுந்து எடுத்தாராம்" என்று பாஸ் சொன்னார், தட்டைத் துடைத்துக்கொண்டே. 1972, 1975 காணிச் சீர்திருத்தச் சட்டங்களால் தோட்டங்கள் அரசுக்குப் போனபோது துரைமாரின் கார்களும் கைமாறின. சில பெக்டரிக் கொட்டகையில் துருப்பிடித்தன, சில சந்தைக்கு வந்தன.

1977க்குப் பிறகு ஜப்பான் கார்கள் வந்து இந்தக் கைவேலைக்கு மவுசு குறைந்தது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி மறுபடி நின்றது, 2022இல் எண்ணெய்க்கே வரிசை. பழைய காரைத் தேடுகிறவர்கள் பாஸிடம் திரும்ப வந்தார்கள். இந்த ஏ60 கூட அப்படி வந்ததுதான்.

சரி, வேலைக்கு வருவோம். ஆழமான தட்டு இந்தப் பெட்டிக்குக் கடையில் கிடைக்கவில்லை. பாஸ் பழைய தட்டின் அடியை வெட்டி எடுத்தார். சுற்றுச் சுவருக்கு ஒன்றரை அங்குலப் பட்டித் தகடு வளைத்து வெல்ட் பண்ணி, அடியைத் திரும்ப ஒட்டினார். தண்ணி ஊற்றி ஒழுக்குப் பார்த்தார், இரண்டு இடத்தில் கசிந்தது, மறுபடி தீ. அடியில் ஒரு வடிகால் நட்டும் வைத்தார். பிறகு நாங்கள் எதிர்பார்க்காத ஒன்று: உறிஞ்சு குழாயையும் அதே ஒன்றரை அங்குலம் கீழே இறக்கினார். தட்டை மட்டும் ஆழமாக்கி வாயை மேலேயே விட்டால், கூடுதல் எண்ணெய் கீழே சும்மா கிடக்கும், ஏற்றத்தில் பம்ப் பழையபடி காற்றைத்தான் குடிக்கும். நட்டுகளைக் குறுக்கு மறுக்காக, மெதுவாக முடுக்கினார். பலம் காட்டினால் தகட்டின் விளிம்பு வளைந்து கார்க் கேஸ்கட் பிதுங்கிவிடும்.

நஷ்டமும் உண்டு. தோட்டத்து ரோட்டில் கல் துருத்திக்கொண்டிருக்கும், ஒன்றரை அங்குலம் கீழே இறங்கினால் அடிபடுகிற முதல் ஆள் இந்தத் தட்டுதான். அதற்காக முன்னால் ஒரு தடித்த இரும்புத் தகடு சாய்வாகப் பூட்டப்பட்டது. சூட்டையும் இது முழுக்கத் தீர்க்காது, தள்ளிப்போடும், அவ்வளவுதான். நீண்ட ஏற்றத்துக்குத் தனிக் கூலர் வேண்டும் என்று பாஸே காரின் சொந்தக்காரரிடம் சொன்னார். அவர் அடுத்த மாதம் பார்ப்போம் என்றார்.

இரண்டாம் நாள் பின்னேரம் எண்ணெய் ஊற்றினோம். எஞ்சினை ஓட விட்டு, கியரை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்து, அளவுக் கம்பியில் பழைய கோடு வரைக்கும். கோடு மாறாது, ஏனென்றால் மேல்மட்டம் அதே இடத்தில்தான். கீழே போன பள்ளம்தான் புதுசு. பழைய அளவைவிட ஒன்றரை லீட்டர் அதிகம் பிடித்தது. தலவாக்கலை வரைக்கும் ஓட்டிப் பார்த்தோம். எஞ்சின் கத்தவில்லை, வாடை இல்லை.

திரும்பி வந்ததும் பாஸ் மறுபடி அடியில் படுத்தார். உளியும் சுத்தியலும் எடுத்துத் தட்டின் ஓரத்தில் ஏதோ கொத்தினார். பேரா என்று கேட்டோம். "பேரு என்னத்துக்கு? அடுத்தவன் புத்தகத்தப் பாத்து எண்ண ஊத்துவான், கொறஞ்சு போயிரும்" என்றார். டோர்ச் அடித்துப் பார்த்தோம்: +1½ லீ.