ஈயம் போன பிறகு எழுத்து யாருடையது?

அரியமங்கலத்தில் என் கட்டுரைகளை அச்சுக்கோத்த கம்பாசிட்டர் ஒருமுறை சொன்னார்: "ஈயம் தேஞ்சா உருக்கிக்கலாம் தோழர். கம்ப்யூட்டர்ல எழுத்து போனா யாருகிட்ட போய்க் கேக்கறது?" சிரித்தேன். தொண்ணூறுகளில் கணினியில் கோத்த அந்தப் பக்கங்களை இன்று திறந்தால் வெறும் ரோமன் கிறுக்கல். எழுத்துரு விற்ற ஒவ்வொரு நிறுவனமும் ரோமன் எழுத்துகளின் இருக்கைகளில் தமிழைத் தன் இஷ்டத்துக்கு உட்காரவைத்தது. அந்த எழுத்துரு கையில் இல்லையென்றால் பிரதியும் இல்லை. 1999இல் அரசு டாம், டாப் என்று தரம் வகுப்பதற்குள் எவ்வளவோ பக்கங்கள் இப்படிச் சிறைப்பட்டுவிட்டன.

இதற்கு இணையாக இன்னொரு வரலாறு ஓடியிருக்கிறது. தன் நூலின் அச்சுப்படி அசிங்கமாக வந்த எரிச்சலில் டொனால்ட் க்னூத் 1977இல் டெக் என்ற அச்சுக்கோப்பு மென்பொருளைத் தொடங்கினார். மூலநிரலை எல்லோருக்கும் திறந்துவிட்டார். (மாத்தினா பேரையும் மாத்திக்கோ என்பது நிபந்தனை.) அதன் துணைநிரலான மெட்டாஃபாண்டில் எழுத்து என்பது படமல்ல, பேனா போகும் பாதையின் கணக்கு. 1990 வாக்கில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் தாமஸ் ரிட்ஜ்வே அதில் தமிழ் எழுத்துகளை அமைத்தார். 'அ'வின் சுழி எங்கே திரும்புகிறது என்று இன்றைக்கும் யாரும் படித்துப் பார்க்கலாம்.

படித்தோமா? உற்பத்திக் கருவி யார் கையில் என்று பக்கம் பக்கமாக எழுதிய நாம், அந்தப் பக்கங்களையே இரவல் எழுத்தில்தான் கோத்தோம். 2004இல் ஜோனதன் க்யூவின் ஸீடெக் வந்து யூனிகோடை நேரடியாக ஏற்றது. தமிழ்ச் சொல்லை வரி ஓரத்தில் எங்கே ஒடிப்பது என்ற விதிகளை டெக்குக்கு எழுதித் தந்தவர் மலையாளக் கணிமையில் உழைக்கும் சந்தோஷ் தோட்டிங்கல். வரி ஒடிப்பதிலேயே ஆயுளைக் கழித்த நம் கம்பாசிட்டர்களிடம் நானும் போய்க் கேட்கவில்லை.