பொதுவடிவின் எளிமையும் விலையும்: கணினி அமைப்புகளுக்கிடையே படிமக் கோப்பு மாற்றத்தின் வரலாறு (1984–1996)

ஆய்வுச்சுருக்கம்

1980களில் விற்பனைக்கு வந்த கணினிகள் படிமங்களைத் தத்தம் வன்பொருளுக்கு ஏற்பவே சேமித்தன. ஓர் அமைப்பில் உருவான படிமக் கோப்பை மற்றோர் அமைப்பு படிக்குமாறு செய்த முயற்சிகளை இக்கட்டுரை வரலாற்று நோக்கில் ஆராய்கிறது. எளிமையும் வெளிப்படைத்தன்மையும் கொண்ட பொதுவடிவங்களே சிக்கலைத் தீர்த்தன என்பதையும், அத்தீர்வின் விலையாகத் தகவல் இழப்பு நேர்ந்தது என்பதையும் எடுத்துரைக்கிறது.

திறவுச்சொற்கள்: படிமக் கோப்பு, கோப்பு மாற்றம், பைட்டு வரிசை, பொதுவடிவம், தகவல் இழப்பு.

முன்னுரை

வருடி எடுத்த நூற்பக்கத்தின் படிமத்தை இன்று எந்தக் கணினியிலும் திறந்து படிக்க முடிகிறது. இவ்வசதி கணினியோடு உடன்பிறந்ததன்று. ஏறத்தாழப் பன்னிரண்டு ஆண்டுகள் பலர் மேற்கொண்ட முயற்சியின் விளைவாகவே இது வாய்த்தது. அவ்வரலாற்றை அறிவது, மின்னுருவாக்கிய மூலங்களைக் கொண்டு ஆய்வு செய்வோர்க்கு இன்றியமையாதது. ஏனெனில் ஒவ்வொரு மாற்றத்தின்போதும் மூலத்தைப் பற்றிய சான்றுகளுள் சில மறையக்கூடும்.

வன்பொருளின் சாயல்

1984 ஜனவரியில் மெக்கின்டாஷ் கணினியுடன் பில் அட்கின்சன் உருவாக்கிய மேக்பெயின்ட் வெளிவந்தது. அதன் படம் 576 புள்ளி அகலமும் 720 புள்ளி உயரமும் கொண்டது. ஒவ்வொரு புள்ளியும் கருப்பு அல்லது வெள்ளை மட்டுமே. 1981இல் அறிமுகமான ஐபிஎம் தனிக்கணினியின் வண்ண வரைகலை அட்டையோ 320×200 புள்ளிகளில் நான்கு நிறங்களைக் காட்டியது. 1985இல் வெளிவந்த அமிகா கணினி, நிறத்தின் ஒவ்வொரு பிட்டையும் தனித்தனி அடுக்காக நினைவகத்தில் வைத்தது.

இக்கணினிகளின் கோப்புகள் திரை நினைவகத்தின் நேர்ப்படிகளாகவோ அதற்கு நெருக்கமானவையாகவோ இருந்தன. எனவே கோப்பைப் படிப்பதற்கு அதை உருவாக்கிய கருவியின் அமைப்பையும் அறிய வேண்டியிருந்தது. புள்ளியின் வடிவம்கூட ஒன்றாக இல்லை. மெக்கின்டாஷின் புள்ளி சதுரமானது. ஐபிஎம் கணினியின் 320×200 திரையிலோ புள்ளியின் உயரம் அகலத்தைவிட மிகுதி. ஆகவே அங்கு வரைந்த வட்டம், புள்ளிக்குப் புள்ளி மாற்றப்பட்டு மெக்கின்டாஷில் தோன்றும்போது தட்டையான நீள்வட்டமாகியது.

பைட்டு வரிசை

இரண்டாவது தடை எண்களை எழுதும் முறையில் இருந்தது. 576 என்னும் எண்ணைச் சேமிக்க இரண்டு பைட்டுகள் தேவை. மெக்கின்டாஷும் அமிகாவும் பயன்படுத்திய மோட்டோரோலா செயலி, பெரிய மதிப்புடைய பைட்டை முதலில் வைத்து 2, 64 என எழுதும். ஐபிஎம் கணினியின் இன்டெல் செயலி 64, 2 என எழுதும். ஒன்று எழுதியதை மற்றொன்று தன் முறைப்படி படித்தால் 576 என்பது 16386 ஆகிவிடும். கோப்பில் ஒரு பைட்டும் சிதையாதிருக்க, பொருள் மட்டும் முற்றிலும் மாறிவிடுகிறது. இவ்விரு முறைகளுக்கும் இடையிலான பூசலை டேனி கோஹன் 1980இல் எழுதிய கட்டுரையில், முட்டையை எந்த முனையில் உடைப்பது என்று சண்டையிட்ட கலிவர் கதை மாந்தரோடு ஒப்பிட்டார். அக்கதையிலிருந்து அவர் எடுத்தாண்ட பெயர்களே இம்முறைகளுக்கு நிலைத்துவிட்டன.

1986இல் ஆல்டஸ் நிறுவனம் வெளியிட்ட டிஃப் வடிவம் இரு தரப்பையும் ஏற்றது. கோப்பின் தொடக்கத்தில் ‘ஐஐ’ என்னும் ஆங்கில எழுத்துகள் இருந்தால் இன்டெல் வரிசை, ‘எம்எம்’ என்றிருந்தால் மோட்டோரோலா வரிசை. அடுத்து வரும் 42 என்னும் எண், வரிசை சரியாகப் புரிந்துகொள்ளப்பட்டதா என்பதைச் சோதிக்க உதவுகிறது. இத்தீர்வில் எழுதுவோர்க்கு உரிமை கிடைத்தது, படிக்கும் நிரலுக்கோ இரு முறைகளையும் கற்கும் சுமை ஏற்பட்டது.

நடுவில் ஒரு வடிவம்

வடிவங்கள் பெருகியபோது மாற்றி நிரல்களின் எண்ணிக்கை பெருஞ்சிக்கலாயிற்று. பத்து வடிவங்களை ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நேரடியாக மாற்ற 90 நிரல்கள் வேண்டும். ஐம்பது வடிவங்களாயின் 2,450 வேண்டும். எல்லாவற்றையும் முதலில் ஒரு பொதுவடிவுக்குக் கொண்டுவந்து, அதிலிருந்து வேண்டிய வடிவுக்கு மாற்றினால் ஐம்பது வடிவங்களுக்கு 100 நிரல்கள் போதும்.

இவ்வழியை நடைமுறையில் நிலைநாட்டியவர் ஜெஃப் போஸ்கான்சர். அவர் 1980களில் வகுத்த பிபிஎம் வடிவம், மின்னஞ்சலில் படங்களை அனுப்பும் தேவையிலிருந்து பிறந்தது. அக்கால அஞ்சல் அமைப்புகள் பல, எழுத்துகளை மட்டுமே பழுதின்றிக் கடத்தின. ஆகவே கருப்புப் புள்ளிக்கு ‘1’, வெள்ளைப் புள்ளிக்கு ‘0’ என எழுத்துகளாலேயே படம் எழுதப்பட்டது. அகலமும் உயரமும்கூடப் பதின்ம இலக்கங்களால் எழுதப்பட்டமையால் பைட்டு வரிசைச் சிக்கல் எழவே இல்லை. 1988இல் வெளியான பிபிஎம்பிளஸ் நிரல்தொகுப்பில் சாம்பல் நிறப் படங்களுக்கும் வண்ணப் படங்களுக்கும் உரிய வடிவங்கள் சேர்ந்தன. 1993இல் அதன் வழித்தோன்றலாக நெட்பிபிஎம் உருவாயிற்று. இவ்வடிவங்கள் இடத்தை விரயம் செய்பவை, சுருக்கம் அறியாதவை. ஆயினும் எவரும் சில வரி நிரலில் படிக்கத்தக்க எளிமையே அவற்றை நடுவண் வடிவங்களாக்கிற்று.

வெளிப்படைத்தன்மையின் சோதனை

1987 ஜூனில் கம்பியூசர்வ் நிறுவனம் ஜிஃப் வடிவை வெளியிட்டது. வெவ்வேறு கணினிகளை வைத்திருந்த தன் சந்தாதாரர் அனைவர்க்கும் தொலைபேசி வழியே ஒரே படத்தை அனுப்புவது அதன் நோக்கம். வரையறை வெளியிடப்பட்டிருந்தமையால் அது விரைந்து பரவியது. ஆனால் அது பயன்படுத்திய எல்இசட்டபிள்யூ சுருக்கமுறைக்கு யூனிசிஸ் நிறுவனம் காப்புரிமை வைத்திருந்தது. 1994 டிசம்பரில் உரிமக் கட்டணம் பற்றிய அறிவிப்பு வெளியானபோது, வரையறை வெளியாவது மட்டும் போதாது, பயன்படுத்தும் உரிமையும் தடையற்றிருக்க வேண்டும் என்பது புலனாயிற்று.

அடுத்த மாதமே மாற்று வடிவுக்கான முயற்சி தொடங்கியது. அதன் விளைவான பிஎன்ஜி 1996 அக்டோபரில் உலகளாவிய வலைக் கூட்டமைப்பின் பரிந்துரையாயிற்று. அதன் முதல் எட்டு பைட்டுகள் 137, 80, 78, 71, 13, 10, 26, 10. முதல் எண், ஏழு பிட்டுகளை மட்டும் கடத்தும் வழியில் கோப்பு சிதைந்திருந்தால் காட்டிக்கொடுக்கும். அடுத்த மூன்றும் வடிவின் பெயரெழுத்துகள். 13, 10 ஆகியவையும் இறுதி 10உம், வரிமுடிவுக் குறிகளை அமைப்புகள் தாமே மாற்றியிருப்பின் வெளிப்படுத்தும். 26 என்பது டாஸ் அமைப்பில் கோப்பைத் தவறுதலாக எழுத்தாகக் காட்டும்போது அக்காட்சியை நிறுத்தும். முந்தைய பத்தாண்டுகளில் கோப்புகளுக்கு நேர்ந்த விபத்துகளின் கல்வெட்டு என்றே இவ்வெட்டு எண்களைக் கருதலாம்.

மாற்றத்தில் மறைபவை

பொதுவடிவம் எதற்கு இடம் தரவில்லையோ அது மாற்றத்தில் மறைகிறது. 24 பிட்டு வண்ணப் படத்தை ஜிஃப் வடிவுக்கு மாற்றினால், வழக்கமாக ஒரு படத்துக்குரிய 256 நிறங்களுக்குள் அதனை அடக்க வேண்டும். ஆய்வாளர்க்கு இதனினும் முக்கியமானது அளவு பற்றிய செய்தி. 5 அங்குல அகலமும் 8 அங்குல உயரமும் உள்ள நூற்பக்கத்தை அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் வருடினால் 1500×2400 புள்ளிகள் கிடைக்கும். டிஃப் கோப்பு இவ்வீதத்தையும் குறித்து வைக்கும். பிபிஎம் குடும்ப வடிவங்களில் அதற்கு இடமில்லை. அவ்வழியே சென்று திரும்பிய படிமம், 10 அங்குலத்துக்கு 16 அங்குலப் பக்கத்தை 150 புள்ளி வீதத்தில் வருடியதாகவும் இருக்கலாம். ஒரு புள்ளியும் மாறவில்லை, ஆயினும் நூலின் உருவ அளவுக்கான சான்று அழிந்துவிட்டது.

முடிவுரை

முரண்பட்ட அமைப்புகளை இணைத்தவை நுட்பம் மிகுந்த வடிவங்கள் அல்ல, எவரும் படிக்கவும் தடையின்றிப் பயன்படுத்தவும் கூடிய எளிய வடிவங்களே என்பதை இவ்வரலாறு காட்டுகிறது. அவ்வெளிமை சிலவற்றை விலக்கியதால் கைவந்தது என்பதும் இதனால் பெறப்படுகிறது. ஆகவே மாற்றப்பட்ட படிமத்தை மூலத்தின் நிகராகக் கொள்ளாமல் ஒரு படியெடுப்பாகவே கொள்ளுதல் தகும். ஏட்டுச்சுவடியைப் படியெடுத்தபின் மூல ஏட்டைக் கைவிடாமை பதிப்பியலின் நெறி. முதன்முதல் எடுத்த படிமக் கோப்பைப் பேணுவதும், பின்னர் செய்த மாற்றங்களைக் குறித்துவைப்பதும் அந்நெறியின் தொடர்ச்சியேயாகும்.